ஆட்சேபணை இல்லை

ராயபுரம்
18 ஜனவரி 2024

சேசு மரி சூசை துணை

அன்புள்ள தங்கை டோரதிக்கு, அண்ணன் அம்புரோஸ் எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் கண், உன் சர்க்கரை, மெல்போர்ன் வெயில் மூன்றும் எப்படி இருக்கின்றன என்று எழுது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று உன் மகன் அலெக்ஸாண்டர் சிரித்தானாம். சிரிக்கட்டும். நான் போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் தேய்க்கிறாய். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாத்திரம் தேய்க்க முடியாது.

உன் பேத்திக்கு ஞானஸ்நானம் எப்போது என்று கேட்டிருந்தேன். 'பெரியவள் ஆனதும் அவளே தேர்ந்தெடுக்கட்டும் என்கிறார்கள் அண்ணா' என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அலெக்ஸாண்டரை இராயப்பர் கோயிலில் ஞானத்தகப்பனாக நின்று ஏந்தியவன் நான். அவன் பெண்டாட்டி ஜூடியும் எண்ணூரில் தவறாமல் பூசைக்குப் போய் வளர்ந்தவள்தான். இருவருக்கும் என்ன வந்தது?

தாரா என்று பெயர் வைத்தார்களே, அவளைக் கேட்டா வைத்தார்கள்? ஆங்கிலம் பேசி வளர்க்கிறார்களே, அவள் மனுப் போட்டாளா? பால், தடுப்பூசி, தூங்கும் நேரம் எல்லாம் இவர்கள் முடிவு. சர்வேசுரன் மட்டும் அவள் முடிவு. முக்கியமானதை எல்லாம் கொடுத்துவிட்டோம், இது முக்கியமில்லை என்பதுதானே அதற்கு அர்த்தம்? பிள்ளைக்கு அது நன்றாகப் புரியும். பதினெட்டு வயது வரை ஒன்றும் சொல்லாமல் இருப்பதும் ஒரு மதபோதனைதான்.

வண்ணாரப்பேட்டையில் கைலிக்கடை வைத்திருக்கிற தாவூதிடம் இதைச் சொன்னேன். கடையில் நான் உட்காரும் முன்பே கேட்டான்: "இன்னாபா, மூஞ்சிய தொங்கப் போட்டுகினு வர்ற?"

முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "நம்ம வூட்லயும் அதே பேஜாருதான். பேரன் தௌசீஃப தொழுவக் கூப்ட்டா 'அது என் பெர்சனல்'ன்றான். நீ தப்பு, நான் ரைட்டுன்னு நாப்பது வருஷமா உன்னாண்ட சண்ட போட்டுகினு கீறேன். அதுல ஒரு மரியாத இருந்துச்சு. இவனுங்க நீயும் ரைட்டு, நானும் ரைட்டுன்னுட்டுப் போய்க்கினே இருக்கானுங்க. இவனுங்களாண்ட எப்டி மாமு சண்ட போடறது?"

தெரிந்தால் நீயாவது எழுது.

சேசுவில் அன்பான அண்ணன்,
அம்புரோஸ்

*

மெல்போர்ன்
11 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணாவுக்கு, டோரதியின் ஸ்தோத்திரம். சர்க்கரை அடங்கி இருக்கிறது. இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்திருக்கிறதாம், ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா, இல்லை யாரையாவது திட்டிக்கொண்டே மறந்துவிடுகிறாயா?

நீ நினைக்கிறபடி அலெக்ஸாண்டர் கெட்டுப்போகவில்லை. குடி கிடையாது. ராத்திரி பிள்ளை அழுதால் அவன்தான் எழுந்து தூக்குகிறான். என்னை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. கோயிலுக்கு என்னைக் காரில் கொண்டுபோய் விடுகிறான். பூசை முடியும்வரை வெளியே காரிலேயே உட்கார்ந்திருக்கிறான். நான் கெஞ்சிக் கேட்டபோது, "அவ மேல நான் எதையும் திணிக்க விரும்பலம்மா" என்றான். அன்பாகத்தான் சொன்னான். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் பேசியிருப்பேன்.

அண்ணா, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். செவ்வாயும் வியாழனும் அவர்கள் இருவரும் ஆபீஸ் போய்விடுவார்கள். வீட்டில் நானும் தாராவும்தான். குளிப்பாட்டுவது நான்தான். குருவானவர் இல்லாத இடத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று ஞானோபதேச வகுப்பில் படித்தோமே. வார்த்தைகள் எனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கின்றன. சரியாக எழுதி அனுப்பு. தண்ணீர் நெற்றியிலா உச்சியிலா, எத்தனை முறை, எல்லாம் எழுது. யாருக்கும் தெரிய வேண்டாம். எனக்குத் தெரிந்தால் போதும், நான் நிம்மதியாகக் கண்ணை மூடுவேன்.

உன் தங்கை,
டோரதி

*

ராயபுரம்
4 மார்ச் 2024

சேசு மரி சூசை துணை

அன்புள்ள தங்கைக்கு. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன், திட்டவும் செய்கிறேன். இரண்டையும் சேர்த்தே செய்ய முடிகிறது. கண் ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்ததா?

உன் கடிதம் வந்த அன்றே நீ கேட்டதை எல்லாம் எழுதிக் கவரை ஒட்டிவிட்டேன். அடுத்த நாள் காலைப் பூசைக்குப் போய்விட்டு அப்படியே தபால் ஆபீஸ் போகலாம் என்று சட்டைப்பையில் வைத்திருந்தேன். கோயில் வாசலில் நம் சின்ன ஃபாதர் பிடித்துக்கொண்டார். அவருக்கும் எனக்கும் ஆகாது. பூசையில் கிடார் வாசிக்கிறவர். நான் முழந்தாளிட்டு நாக்கில் நன்மை அப்பம் வாங்கினால், முழங்கால் வலிக்குமே என்று பரிதாபப்படுகிறவர். என் முழங்கால், இவருக்கு என்ன?

"வெளிநாட்டுத் தபாலா பெரியவரே? என்ன விசேஷம்?" என்றார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பெருமையில் சொல்லிவிட்டேன். "ஒரு ஆத்துமாவக் கரையேத்தப் போறேன் ஃபாதர். கிடார் இல்லாமயே."

விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "புள்ள சாகக் கிடக்குதா?"

"நல்லா கொழுக்கு மொழுக்குன்னு கீது."

"அப்ப அந்தக் கவரைப் போடாதீங்க. அப்பா அம்மாவுல ஒருத்தராவது சம்மதிக்கணும். வேதத்துல வளர்ப்பாங்கன்னு நம்பிக்கை இருக்கணும். ரெண்டும் இல்லாம உங்க தங்கச்சி ஊத்துனா அது திருட்டு."

"இது உங்க புதுச் சட்டமா?"

"உங்க பழைய சபையே சொன்னதுதான். போய்ப் படிங்க."

படித்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவன் நான். நானாகத் தேடிச் சேர்த்த புஸ்தகங்கள் பீரோ நிறைய இருக்கின்றன. மூன்று புஸ்தகத்தில் பார்த்துவிட்டேன். மூன்றும் அவர் பக்கம்தான். சட்டம் கசக்கவில்லை டோரதி. அதை அவர் வாயால் கேட்டதுதான் கசந்தது.

அன்று முழுக்க யோசித்தேன். அவங்கவங்க இஷ்டம் என்று ஊர் போகிற போக்கைத்தானே நான் திட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கும் ஓர் இஷ்டம் இருக்கிறது, அது நல்ல இஷ்டம், ஆகவே சட்டம் எனக்கு இல்லை என்று நான் நடந்தால் அலெக்ஸாண்டரைவிட நான் எதில் ஒசத்தி? பிள்ளை மேல் தாய் தகப்பனுக்கு உள்ள உரிமை சர்க்கார் கொடுத்தது இல்லை. சர்வேசுரன் கொடுத்தது. அதை நாமே மிதித்துவிட்டால், நாளைக்குச் சர்க்கார் வீட்டுக்குள் வந்து உன் பிள்ளையை நான் வளர்க்கிறேன் என்று சொல்லும்போது எதைச் சொல்லித் தடுப்போம்?

ஆகவே வேண்டாம். பிள்ளை உயிருக்கு ஆபத்து என்றால் ஒரு கணமும் யோசிக்காமல் ஊற்று, யாரையும் கேட்காதே. இல்லையென்றால் கை வைக்காதே. எழுதிய கவரைக் கிழித்துவிட்டேன்.

அண்ணன்,
அம்புரோஸ்

*

மெல்போர்ன்
2 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு. உயிர்த்த ஞாயிறு நல்லபடியாகப் போயிற்று. கண் மங்கிக்கொண்டே வருகிறது. வரி கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உலகத்தில் யார் வேண்டுமானாலும் இதை எழுதியிருக்கலாம். நீ எழுதுவாய் என்று நான் நினைக்கவில்லை. ஜெபத்தில் ஒரு கமாவை மாற்றினால்கூடச் சாமியாரோடு சண்டைக்குப் போகிறவன் நீ. என் பேத்திக்காக ஒரு சண்டை போடக்கூடாதா? உனக்குப் புஸ்தகம் பெரிதாகப் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை குளிப்பாட்டும்போது கையில் சொம்பு இருக்கிறது அண்ணா. அவள் தலை கீழே இருக்கிறது. வார்த்தைதான் இல்லை.

இதற்கு மேல் எழுத வரவில்லை.

டோரதி

*

ராயபுரம்
12 மே 2024

சேசு மரி சூசை துணை

அன்புள்ள தங்கைக்கு. வெயில் கொளுத்துகிறது. ஆனாலும் சாயந்திரம் காசிமேட்டுப் பக்கமிருந்து காத்து வந்துவிடுகிறது, மாடியில் பாயைப் போட்டால் ராஜா மாதிரி இருக்கிறேன். கண்ணுக்கு வைத்தியம் எந்த அளவில் இருக்கிறது?

கோபப்பட்டு எழுதியிருந்தாய். படு. என் பதில் மாறாது.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். என் பக்கத்து வீட்டு அங்கம்மாவைத் தெரியுமல்லவா. அவளுக்கு மாலில் வேலை, செவ்வாய்க்கிழமை லீவு. புருஷனுக்குக் கன்டெய்னர் யார்டில் வியாழன். மூத்தவனுக்குப் புதன். சின்னவள் எந்த நாள் வேண்டுமோ அந்த நாள் எடுத்துக்கொள்ளலாமாம், அவ்வளவு நல்ல கம்பெனி. நாலு பேருக்கு நாலு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இல்லை. கடை எல்லா நாளும் திறந்திருப்பது வசதி என்கிறார்கள். யாருக்கு வசதி? நாலு பேரும் சேர்ந்து சோறு தின்று எவ்வளவு காலம் ஆயிற்று என்று கேட்டேன். "கல்யாணத்துக்குப் போனா சேந்துதானே துன்றோம்ணா" என்கிறாள்.

போன வாரம் லோகநாதன் போய்விட்டார். என்னோடு ஹார்பரில் வேலை செய்தவர், திருவொற்றியூரில் புது அடுக்குமாடியில் தனியாக இருந்தார். வாட்ச்மேன்தான் என் நம்பருக்குப் போன் போட்டான். நானும் தாவூதும் போனோம். அந்தக் கட்டிடத்து வாட்ஸப் குழுவில் எல்லோரும் கைகூப்பிப் படம் போட்டிருந்தார்களாம். ஒரு கதவும் திறக்கவில்லை. தூக்க ஆள் வேண்டுமே என்று எதிர்வீட்டைத் தட்டினேன். திறந்த பிள்ளை மரியாதையாகத்தான் பேசியது. "சாரி அங்கிள், அடுத்தவங்க பிரைவசில நாங்க தலையிடறதில்ல."

தாவூது கேட்டான்: "ஏன்பா, மௌத்தானவனுக்கு இன்னாபா பிரைவசி?"

அவனும் நானும் வாட்ச்மேனும் ஓர் ஆட்டோக்காரரும் தூக்கினோம். மூலக்கொத்தளம் சுடுகாட்டில் எல்லாம் முடியும்வரை தாவூதும் கூடவே நின்றான். அந்த எதிர்வீட்டுப் பிள்ளை கெட்ட பிள்ளை இல்லை டோரதி. யார் மேலும் எதையும் திணிக்கக்கூடாது என்று சொல்லிக்கொடுத்து வளர்த்திருக்கிறார்கள். ஒரு தோளைக்கூடத் திணிக்க மாட்டேன் என்கிறான்.

இதெல்லாம் தெரிந்தும் உன்னைத் தடுக்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது. நமக்கு மட்டும் சலுகை எடுத்துக்கொண்டால் நாமும் அதே கூட்டம்தான்.

அண்ணன்,
அம்புரோஸ்

*

ராயபுரம்
8 ஜூலை 2024

சேசு மரி சூசை துணை

தங்கைக்கு. இராயப்பர் திருநாள் முடிந்தது. தேர் நன்றாக வந்தது, பாட்டு மோசம். என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன்னிடமிருந்து வரி இல்லை. ஏன் எழுத மாட்டேன் என்கிறாய்? அலெக்ஸாண்டருக்குத் தெரியாமல் பிள்ளை தலையில் ஊற்றிவிட்டாயா? ஊற்றியிருந்தால் ஒளிக்காமல் சொல். சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாய் என்று நீ எழுதியதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை.

அம்புரோஸ்

*

மெல்போர்ன்
3 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மாமாவுக்கு, அலெக்ஸாண்டர் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் பரவாயில்லையா?

அம்மாவுக்கு ஜூனில் ஒரு கண்ணும் போன மாதம் மற்றதும் ஆபரேஷன் ஆனது. இரண்டும் நல்லபடியாக முடிந்தன. கட்டுப் பிரித்தும் கொஞ்ச காலம் படிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் உங்கள் கடைசிக் கடிதத்தை நான்தான் அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஜூடியும் பக்கத்தில் இருந்தாள்.

படித்து முடித்ததும் எங்கள் வீடு எப்படி இருந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை. பழைய கடிதங்களை அம்மாவே எடுத்துக் கொடுத்துவிட்டார். எல்லாவற்றையும் படித்தேன்.

தாராவைக் குளிப்பாட்டுவதை ஜூடி அன்றைக்கே தன் கைக்கு எடுத்துக்கொண்டாள். செவ்வாயும் வியாழனும் பிள்ளை காப்பகத்துக்குப் போகிறாள். "உங்கம்மாவாண்ட புள்ளைய வுட்டுட்டு நான் எப்டி நிம்மதியா ஆபீஸ் போவேன்?" என்கிறாள். அவள் எண்ணூர்ப் பேச்சு வெளியே வந்துவிட்டால் அதற்கு மேல் யாரும் பேச முடியாது என்று உங்களுக்குத் தெரியும். அம்மா அறையிலேயே இருக்கிறார். நான் ஊற்றவில்லை என்று மட்டும் சொல்கிறார். நம்புவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஊற்றினாரா மாமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். நீங்கள் வார்த்தைகளை எழுதி அனுப்பியிருந்தால் இது என்றைக்கோ முடிந்திருக்கும். எனக்குத் தெரிந்திருக்காது. நீங்கள் ஜெயித்திருப்பீர்கள். ஏன் அனுப்பவில்லை? நீங்கள் எழுதிய காரணத்தைப் படித்தேன். நீங்கள் எழுதியது என்று நம்பத்தான் முடியவில்லை.

உங்கள்,
அலெக்ஸாண்டர்

*

ராயபுரம்
19 ஆகஸ்ட் 2024

சேசு மரி சூசை துணை

அன்புள்ள மருமகன் அலெக்ஸாண்டருக்கு. முழங்கால் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. உங்கள் மூவர் நலத்துக்கும் தினமும் வேண்டிக்கொள்கிறேன். தாராவுக்கும்.

உன் அம்மா ஊற்றவில்லை என்று சொன்னால் ஊற்றவில்லை. புத்தியை உபயோகித்துப் பார். ஒரு தடவை ஊற்றினால் ஊற்றியதுதான். நீயோ ஜூடியோ நாட்டு ராஜாவோ அதைத் திரும்ப எடுக்க முடியாது. ஊற்றியிருந்தால் அவளுக்கு என்ன பயம்? 'ஆமாண்டா, போ' என்று சொல்லிவிட்டுச் சந்தோஷமாகச் சோறு தின்றிருப்பாள். ஊற்றாததால்தான் அறையில் உட்கார்ந்திருக்கிறாள். ஆறு மாதம் கையில் சொம்போடு நின்றுவிட்டு ஊற்றாமல் இருந்தவளை நீங்கள் தண்டிக்கிறீர்கள். பிள்ளையை அவளிடம் கொடு. ஜூடியிடம் நான் சொன்னதாகச் சொல். அவளுக்கு மாமனார் இல்லாத குறைக்கு நான் இருக்கிறேன்.

ஏன் அனுப்பவில்லை என்று கேட்டாய். நீ அவளுக்குத் தகப்பன் என்பதால். நீ தப்பான தகப்பன் என்று நான் நினைக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் தப்பான தகப்பனும் தகப்பன்தான்.

திணிக்க மாட்டேன் என்கிறாய். திணிக்காமல் ஒரு பிள்ளையை வளர்க்க முடியாது. நீ திணிக்காத இடத்தில் செல்போன் திணிக்கும், கம்பெனி திணிக்கும். அவர்கள் யாரும் பதினெட்டு வயது வரை காத்திருக்கப் போவதில்லை. இதற்கு மேல் உன்னிடம் வாதம் செய்ய மாட்டேன்.

உன் மாமன், ஞானத்தகப்பனும்கூட,
அம்புரோஸ்

*

மெல்போர்ன்
20 அக்டோபர் 2024

அன்புள்ள மாமாவுக்கு. எல்லோரும் சுகம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

காப்பகத்தை நிறுத்திவிட்டோம். உங்கள் கடிதத்தை ஜூடிக்குப் படித்துக் காட்டினேன். "இன்னா ஒரு திமிரு இந்தப் பெருசுக்கு" என்று சொல்லிவிட்டு, எழுந்து போய்ப் பிள்ளையை அம்மா மடியில் வைத்தாள். அம்மா இப்போது சத்தமாகவே ஜெபமாலை சொல்கிறார். தாரா மணிகளைப் பிடித்து இழுக்கிறாள்.

டிசம்பரில் எல்லோரும் ராயபுரம் வருகிறோம். நானும் ஜூடியும் பேசினோம். நீங்கள் விரும்பினால் அப்போது இராயப்பர் கோயிலில் ஞானஸ்நானம் வைத்துக்கொள்ளலாம். எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. உங்களுக்கும் அம்மாவுக்கும் சந்தோஷம் என்றால் எங்களுக்கும் சந்தோஷம்.

உங்கள்,
அலெக்ஸாண்டர்

*

ராயபுரம்
7 நவம்பர் 2024

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அலெக்ஸாண்டருக்கு. நீங்கள் வருகிற சேதி கேட்டு வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் பிடித்துவிட்டேன். அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி பழகிவிட்டதா?

ஞானஸ்நானம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

என் சந்தோஷத்துக்குச் செய்வதென்றால் வஞ்சிரம் வாங்கிக் கொடு, தின்கிறேன். பிள்ளையின் ஆத்துமாவை எனக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்காதே. பூசை மேடைக்கு முன் குருவானவர் தாய் தகப்பனைப் பார்த்து, திருச்சபையிடம் என்ன கேட்கிறீர்கள் என்று கேட்பார். தாய்மாமனைப் பார்த்துக் கேட்க மாட்டார். அங்கே போய் 'எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று சொல்வாயா? ஆட்சேபணை இல்லை என்பது பக்கத்து மனைக்காரன் சுவர் எழுப்பும்போது எழுதிக் கொடுப்பது.

நீ கேட்க வேண்டும். கேட்க மனம் இல்லையென்றால் சும்மா வாருங்கள், தின்னுங்கள், தூங்குங்கள். நான் ஒரு வார்த்தை எடுக்க மாட்டேன். என்னை அதற்காகக் கோபக்காரன் என்று நினைக்காதே. பிள்ளையைப் பார்க்கப் போகிறோம் என்ற நினைப்பில் நான் ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறேன்.

மாமன்,
அம்புரோஸ்

*

மெல்போர்ன்
25 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு, டோரதியின் ஸ்தோத்திரம். இரண்டு கண்ணும் தெளிவு. இந்தக் கடிதத்தை நானே எழுதி நானே படித்துப் பார்த்தேன். டிசம்பரில் நீ மாடிப்படி ஏறியதைப் பார்த்தேன், அந்தக் காலுக்கு டாக்டரிடம் போ.

ஞாயிற்றுக்கிழமை தாராவுக்கு ஞானஸ்நானம் ஆயிற்று.

முன்கூட்டிச் சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. கடைசி நிமிஷம் வரை எனக்கே நிச்சயம் இல்லை. ராயபுரத்தில் இருந்த நாளெல்லாம் நீ வாயைத் திறக்கவே இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாவூது பாய் கடைக்குப் போனாய், மீன் வறுத்தாய், சின்ன ஃபாதரைத் திட்டினாய். இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் உன்னை இடித்தபோதுகூட நீ ரேடியோவைத் திருகினாய். எனக்கு உன் மேல் மறுபடி கோபம் வந்தது.

இங்கே திரும்பி வந்த பிறகு ஒரு நாள் அலெக்ஸாண்டர் என்னிடம் சொன்னான். "மாமா கேட்டிருந்தா சரின்னுட்டுப் போயிருப்பேன்மா. திட்டியிருந்தா முடியாதுன்னிருப்பேன். ரெண்டும் பண்ணல. எனக்கு இன்னா வேணும்னு யோசிச்சா ஒண்ணுமே வரல. எதைக் கேட்டாலும் 'ஆட்சேபணை இல்ல'ன்னு சொல்லிச் சொல்லியே பழகிட்டேன்போல. தாரா பெரியவளாகி, நீங்க எதை நம்புனீங்கன்னு என்னைக் கேட்டா, அவகிட்டயும் அதையேதான் சொல்லணும்."

அதற்கு அடுத்த வாரம் பூசைக்கு அவன் காரில் உட்காரவில்லை. உள்ளே வந்தான், கடைசி வரிசையில் நின்றான். வீடு திரும்பியதும் ஜூடி அவனைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் அவளும் பூசைக்கு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை குருவானவர் கேட்டார், என்ன கேட்கிறீர்கள் என்று. ஜூடி உடனே சொல்லிவிட்டாள். அவன் சொல்லவில்லை. அவருக்கு அவசரம் இல்லை, காத்துக்கொண்டு நின்றார். தாரா சிணுங்கினாள். நான் பதில் சொல்லிவிடலாமா என்றுகூட வாய் வரை வந்தது. உன்னை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அப்போது அவன் தலையை நிமிர்த்தி, "ஞானஸ்நானம் கேட்கிறேன்" என்றான். ஆங்கிலத்தில் கேட்ட கேள்விக்குத் தமிழில் பதில் சொல்லிவிட்டான். குருவானவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் தலையை ஆட்டினார்.

உன் தங்கை,
டோரதி

*

ராயபுரம்
15 மார்ச் 2025

சேசு மரி சூசை துணை

அன்புள்ள தங்கை டோரதிக்கு, அண்ணன் அம்புரோஸ் எழுதுவது. டாக்டரிடம் போனேன். கால் என்னைவிடப் பிடிவாதமாக இருக்கிறதாம்.

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. படித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். எங்கே போகிறேன் என்று தெரியாமல் கல்மண்டபம் வரை நடந்துவிட்டேன், வலியே தெரியவில்லை. அப்புறம் வண்ணாரப்பேட்டைக்கு ஆட்டோ பிடித்தேன். எனக்குத் தபசுகாலம், தாவூதுக்கு நோன்பு. இரண்டு கிழவர்களும் பசியோடு கடையில் உட்கார்ந்தோம்.

"இன்னா மாமு, புள்ளைய முக்கிட்டாங்களா?" என்றான்.

"முக்கலபா, ஊத்துனாங்க."

"நீ சொல்லியா?"

"நான் வாயே தொறக்கல."

"நீயா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தான். "சரி சரி, நோன்பு தொறக்கற நேரம், பொய் சொல்லாத." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான். ரொம்ப நேரம் விடவில்லை. பள்ளிவாசலில் பாங்கு சொன்ன பிறகுதான் விட்டான். எனக்கும் ஒரு கிண்ணத்தில் கஞ்சி ஊற்றினான்.

அலெக்ஸாண்டரிடம் நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. அவன் கேட்டான், அவனுக்குக் கிடைத்தது. அது அவர்களுக்குள். நீ மட்டும் அவனைப் பார்க்கும்போது, மாமா நன்றாகத் தூங்குகிறார் என்று சொல்.

இன்று காலைப் பூசைக்குப் போனேன். எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது. ஆனால் இன்றைக்கு முழுக்க யார் மேலும் கோபம் வரவில்லை. நாளைக்கு வந்துவிடும், நீ கவலைப்படாதே.

சேசுவில் அன்பான அண்ணன்,
அம்புரோஸ்